ராணி எறும்பைப் பிடித்தாயிற்று, எங்கே குடிவைப்பது?

கேள்வி: கோடை மழை பெய்த மறுநாள் சாயங்காலம், தெருவிளக்கடியில் இறக்கை உதிர்ந்த பெரிய கறுப்பு எறும்புகள் இரண்டைப் பிடித்தேன். ராணி கட்டெறும்பு என்றார்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தோட்டத்து மண்ணைப் போட்டு இரண்டையும் விட்டு, மூடியில் ஓட்டை குத்தி வைத்திருக்கிறேன். தினமும் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறேன். எட்டு நாளாகியும் முட்டை எதுவும் தெரியவில்லை. எங்கே தவறு?

பதில்:

எட்டு நாள் என்பது கவலைப்பட வேண்டிய காலம் இல்லை. ஆனால் டப்பாவை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். தோட்டத்து மண்ணோடு உண்ணியும் பூஞ்சையும் சேர்ந்து வரும். மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ராணி மண்ணுக்குள் புகுந்து தன்னை மூடிக்கொண்டால், முட்டை இட்டாளா, உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க நீங்கள் தோண்ட வேண்டிவரும். ஒரு முறை தோண்டினாலே அந்த வீடு கெட்டது. சர்க்கரைத் தண்ணீர் இப்போது அவளுக்குத் தேவையே இல்லை. அது பூஞ்சையைத்தான் வளர்க்கும், வீட்டிலிருக்கும் சிற்றெறும்புகளைத்தான் அழைத்துவரும்.

தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பறந்துபோய் ஆணோடு கலந்த பிறகு ராணி இறக்கையைத் தானே உதிர்த்துவிடுவாள். அதற்குப்பின் மார்பிலிருக்கும் பெரிய பறக்கும் தசைகள் அவளுக்குப் பயன்படாது. அந்தத் தசைகள் உள்ளுக்குள்ளேயே கரைந்து, வயிற்றில் சேர்ந்திருக்கும் கொழுப்போடு சேர்ந்து முதல் பிள்ளைகளுக்கான உணவாக மாறும். கட்டெறும்பு ராணி இயற்கையில் ஒரு சிறு குழியைத் தோண்டி, வாசலை அடைத்துக்கொண்டு, முதல் வேலைக்கார எறும்புகள் வரும்வரை ஒன்றும் தின்னாமல் உள்ளேயே கிடப்பவள். நீங்கள் அமைத்துத்தர வேண்டியதும் அந்தக் குழியைத்தான்: இருட்டு, ஈரம், அசைவில்லாத சின்ன இடம்.

முதலில் பிடித்தது ராணிதானா என்று பாருங்கள். மழைக்குப்பின் விளக்கைச் சுற்றுவதில் பாதி ஈசலாக இருக்கும். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், உணர்கொம்பு நேராக மணி கோத்த மாதிரி, இடுப்பு தடித்தது. எறும்புக்கு முன்னிறக்கை பெரியது, பின்னிறக்கை சிறியது, உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும், இடுப்பு நூலாகக் குறுகியிருக்கும். ஆண் எறும்பும் இறக்கையோடு வரும். அதன் தலை சிறுத்தும் உடல் ஒல்லியாகவும் இருக்கும், சில நாளில் செத்துவிடும். ராணிக்கு மார்பு திமில் போலப் புடைத்திருக்கும். இறக்கை உதிர்ந்த இடத்தில், மார்பின் இரு பக்கமும் சிறு தழும்பு லென்ஸில் தெரியும். கட்டெறும்புக் கூட்டத்தில் பெருந்தலை வேலைக்காரர்களும் உண்டு. அளவை மட்டும் பார்த்து அவற்றை ராணி என்று எடுத்துவருவது அடிக்கடி நடக்கும் தவறு. அவற்றின் மார்பு ஒடுங்கி, மேலே சீரான வளைவாக இருக்கும், தழும்பு இருக்காது.

இறக்கை போனதாலேயே கலந்துவிட்டாள் என்று உறுதி சொல்ல முடியாது. இறக்கையோடு இருப்பதால் கலக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் குடிவைத்துப் பாருங்கள். கலக்காத ராணியும் முட்டை இடலாம். கருவுறாத எறும்பு முட்டையிலிருந்து ஆண் மட்டுமே வரும், அதனால் கூட்டம் உருவாகாது.

இரண்டையும் பிரித்துவிடுங்கள். சில இன ராணிகள் சேர்ந்தே கூடு தொடங்கும் என்பது உண்மை. கட்டெறும்பில் அதை நம்ப முடியாது. முதல் வேலைக்காரர்கள் வந்தபின் ஒருத்தி கொல்லப்படுவது வழக்கம், அந்தச் சண்டையில் மற்றவளும் காயப்படலாம். ஆளுக்கொரு டெஸ்ட் டியூப் வீடாக இருந்தால் உங்களுக்கும் இரண்டு வாய்ப்பு.

இனி டியூப். பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கண்ணாடி டெஸ்ட் டியூப் கிடைக்கும். கட்டெறும்பு ராணிக்கு 18 முதல் 20 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. நீளமும் சரியாக இருக்கும். சிறிய இனங்களுக்கு 12 முதல் 16 மி.மீ. போதும். பஞ்சு, மருந்துக்கடையில் சுருளாக விற்கும் உறிஞ்சும் பஞ்சாக இருக்க வேண்டும். தலையணைக்குள் அடைக்கும் செயற்கைப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்கட்டும், அதில் சர்க்கரையோ மருந்தோ எதுவும் சேர்க்காதீர்கள்.

டியூபை நிமிர்த்திப் பிடித்து அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். 20 மி.மீ. டியூப் என்றால் அது 12 மில்லி அளவு வரும். நெல்லிக்காய் அளவு பஞ்சை இறுக்கமாக உருட்டி, பென்சிலின் தட்டை முனையால் மெல்லத் தள்ளுங்கள். பஞ்சு தண்ணீரைத் தொட்டதும் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினால், தண்ணீர் பஞ்சின் வழியே மேலே கசிந்து, இடையிலிருந்த காற்றும் வெளியே வந்துவிடும். மேலே தேங்கியதை வேறொரு உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். இப்போது டியூபைப் படுக்கவைத்து விரலால் தட்டிப் பாருங்கள். பஞ்சு நனைந்து சாம்பல் நிறமாக இருக்க வேண்டும், ஒரு சொட்டும் இந்தப் பக்கம் வரக்கூடாது. பஞ்சுக்கு 2 செ.மீ., ராணி வாழ 5 முதல் 6 செ.மீ., வாசல் பஞ்சுக்கு 2 செ.மீ. என்று இடம் பிரியும். வாழும் அறை பெரிதாக இருக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இடம் பெரிதாக இருந்தால் அமைதியாக உட்காராமல் சுற்றிச்சுற்றி நடப்பாள்.

ராணியை இடுக்கியால் பிடிக்காதீர்கள். டியூபின் அடிப்பக்கத்தைக் கறுப்புத்தாளால் சுற்றி, வாயை அவள் முன்னால் வையுங்கள். இருட்டான துளையைக் கண்டால் பெரும்பாலும் தானே நுழைந்துவிடுவாள். நுழையாவிட்டால் மென்மையான ஓவியத் தூரிகையால் பின்னாலிருந்து தொடலாம். வாசல் பஞ்சு உலர்ந்ததாக, காற்றுப் போகும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். ரப்பர் தக்கை, இறுகிய மூடி எதுவும் வேண்டாம். கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது. மிரண்டால் வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். அடைத்த சிறு டப்பாவுக்குள் அந்த ஆவி தங்கினால் அவளையே கொன்றுவிடும். பிடித்த இடத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் சாகும் ராணிகளில் பல இப்படிப் போனவையே.

கண்ணாடி வழவழப்பாக இருப்பதால் வாழும் அறையில் ஒரு சிட்டிகை சலித்த, வறுத்து ஆறவைத்த மணலைத் தூவலாம். காரணம் பின்னால் வருகிறது.

எங்கே வைப்பது என்பதில்தான் நம் வீடுகளில் அதிகம் தப்பு நடக்கிறது. ராணிக்கு 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் நல்லது. நம்மூரில் சூடேற்றும் கருவி தேவையில்லை, சீரான வெப்பம்தான் கஷ்டம். இரவில் ஏ.சி. ஓடி 24 டிகிரி, பகலில் ஏ.சி.யை அணைத்தபின் 36 டிகிரி என்று இருக்கும் படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக்குப் பின்னால் 5 மில்லி காற்று தங்கியிருந்தால், அந்த 12 டிகிரி ஏற்றத்தில் காற்றும் ஈர ஆவியும் விரிந்து, ஐந்தாறு சொட்டுத் தண்ணீரைப் பஞ்சின் வழியே ராணியின் அறைக்குள் தள்ளிவிடும். முட்டைகள் கண்ணாடியோடு ஒட்டி நனைய அதுவே போதும். சாயங்காலம் பார்த்தால் டியூபில் வெள்ளம், காரணம் புரியாது. காற்றை முழுவதும் வெளியேற்றச் சொன்னது இதற்காகத்தான். நாளாக நாளாகத் தண்ணீர் குறைந்து அந்த இடத்தில் காற்று சேரும் என்பதால், பழைய டியூபில் ஆபத்து அதிகம். டியூபின் வாய்ப்பக்கத்துக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்து மயிரிழை உயர்த்தினால் கசிவது பஞ்சருகிலேயே நிற்கும். தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்துவிட்டால் ஏற்ற இறக்கம் பெரிதும் தணியும். மே மாதத்தில் அந்தப் பெட்டியைத் தரையிலேயே வையுங்கள்.

ஃபிரிட்ஜ் மேல், வாஷிங் மெஷின் பக்கம், அடிக்கடி இழுக்கும் டிராயர், ஸ்பீக்கர் அருகில் வேண்டவே வேண்டாம். எறும்புக்கு அதிர்வுதான் பெரிய மிரட்டல். மிரண்ட ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடுவாள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கொசுவர்த்திச் சுருள், செருகி எரியவிடும் கொசு மருந்து, எறும்பு சாக்பீஸ், கரப்பான் ஸ்பிரே. இவற்றில் பெரும்பாலானவை பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள், ராணியும் பூச்சிதான். இவை புழங்கும் அறையில் வைக்காதீர்கள். துணி அலமாரி இருட்டாக இருக்கிறதே என்று அந்துருண்டை போட்ட அலமாரியில் வைப்பதும் அப்படித்தான். கையில் கொசுக்களிம்பு பூசியிருந்தால் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே டியூபைத் தொடுங்கள்.

அடுத்தது வீட்டு எறும்பு. தலை கறுத்து உடல் வெளுத்த மிகச்சிறிய எறும்புகளும், சமையலறைச் செவ்வெறும்புகளும் வாசல் பஞ்சைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரே இரவில் ராணியும் முட்டையும் காலி. பழைய வீடுகளில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதே ஏற்பாடுதான் இங்கும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு, நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் பெட்டியை வையுங்கள். பெட்டி சுவரைத் தொடக்கூடாது. சோப்பு இல்லாத தண்ணீரின் மேல்பரப்பில் சிற்றெறும்பு நடந்தே வந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் மூடிவைத்துவிட்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் பாருங்கள். சிவப்பு செலோஃபேன் தாளைச் சுற்றினால் எறும்புக்கு ஏறக்குறைய இருட்டு, நமக்கு உள்ளே தெரியும். முதல் முட்டைகள் சில நாளிலும் வரலாம், இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். ரவை அளவில் வெளிறிய, நீள்வட்ட முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிய சிறு குவியலாக, ஈரப் பஞ்சுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும். ராணி அதை அடிக்கடி நக்கி, இடம் மாற்றிக்கொண்டே இருப்பாள். 28 முதல் 30 டிகிரியில் முட்டையிலிருந்து முதல் வேலைக்காரர் வெளிவர ஏறக்குறைய ஆறு ஏழு வாரம் ஆகும். குளிர்ந்தால் இன்னும் நீளும்.

புழு வளர்ந்து கூடு கட்டும் கட்டத்தில்தான் அந்த மணல் உதவுகிறது. கட்டெறும்புப் புழு பட்டு நூற்றுத் தன்னைச் சுற்றிக் கூடு பின்னும். நூலைப் பிடிக்கவைக்க சுற்றிலும் ஏதாவது வேண்டும். ராணி மணற்பொடியைப் புழுவின்மேல் குவிப்பதையும், மணல் இல்லாவிட்டால் பஞ்சிலிருந்து இழை பிய்த்து மூடுவதையும் லென்ஸில் பார்க்கலாம். கூடு முடிந்ததும் மணலைத் தட்டிச் சுத்தம் செய்துவிடுவாள். பழுப்பு நிறக் கூட்டின் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அழுகல் இல்லை அது. புழுப்பருவம் முழுக்க அடக்கிவைத்திருந்த கழிவைப் புழு மொத்தமாக வெளியேற்றிய இடம். நாள் வந்ததும் ராணியே கூட்டைக் கடித்துத் திறந்து பிள்ளையை வெளியே எடுப்பாள். வெளியே வருவது வெளிர்மஞ்சளாக, கால் தள்ளாட நிற்கும். நிறம் கறுக்கச் சில நாளாகும். முதல் பிள்ளைகள் வழக்கமான அளவைவிடச் சிறியவை, எண்ணிக்கையும் கைவிரல்களுக்குள் அடங்கும்.

பூஞ்சையைப் பற்றிப் பலரும் பதறுகிறார்கள். ஈரப் பஞ்சு மஞ்சளாவதும், அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுவதும் சாதாரணம். அதற்காக ராணியை இடம் மாற்றுவது அந்தப் பூஞ்சையைவிட அதிகக் கெடுதல். பூஞ்சை மயிர்விட்ட மாதிரி வளர்ந்து வாழும் அறைக்குள் நீண்டாலோ, முட்டைக் குவியல்மேல் வெள்ளை நூல் படர்ந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். பெரும்பாலான எறும்புகளுக்கு மார்பின் பின்பக்கத்தில் கிருமியைத் தடுக்கும் சுரப்பி ஒன்று உண்டு. கட்டெறும்பு இனத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. தன் அமிலத்தையும் நக்கித் துடைப்பதையும் நம்பித்தான் அவள் சமாளிக்கிறாள். அதனால் இனிப்புச் சிந்திய டியூபில் கட்டெறும்பை விட்டுவைக்காதீர்கள்.

மாற்றும் முறை எளிது. புதிய டியூபைத் தயார் செய்து, இரண்டின் வாய்களையும் நேருக்கு நேர் சேர்த்து டேப் ஒட்டுங்கள். இடுக்கில் டேப்பின் பசைப்பக்கம் உள்ளே தெரிந்தால் அங்கே தாளை மடித்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கால் ஒட்டிக்கொள்ளும். புதியதை இருட்டாக்கிவிட்டு, பழையதன்மேல் மென்வெளிச்சம் படவிடுங்கள், வெயிலைக் காட்டாதீர்கள். சில மணி நேரத்திலும் போகலாம், நான்கு நாளும் எடுக்கலாம். வெள்ளம் வந்திருந்தால் மட்டுமே தட்டிக்கொட்டி அவசரமாக மாற்றுவது நியாயம்.

முதல் வேலைக்காரர் வந்து இரண்டு மூன்று நாள் கழித்து உணவு தொடங்குங்கள். ஒரு பங்கு சர்க்கரைக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, கடுகளவுச் சொட்டை ஒரு துண்டு அலுமினியத் தாளில் வைத்து, வாசல் பஞ்சை எடுத்து உள்ளே தள்ளி மூடுங்கள். புழு வளரப் புரதம் வேண்டும்: கையால் அடித்த ஒரு கொசுவோ, பழ ஈ ஒன்றோ ஏழெட்டுப் பேருக்கு ஒரு வேளைக்குப் போதும். பெரிய பூச்சியானால் வெந்நீரில் முக்கி எடுத்து, காலையோ வயிற்றையோ மட்டும் வெட்டி வையுங்கள், உண்ணி ஒட்டி வராது. மருந்தடித்த வீட்டுக் கரப்பானை வைக்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை வைத்து, மிச்சத்தை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

அழகான பிளாஸ்டர் கூடு வாங்கிவைத்திருந்தால் பொறுங்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்தைப் பெரிய கூட்டுக்குள் விட்டால் வெற்று அறைகளில் குப்பை கொட்டுவார்கள், ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள், இரை தேடிப்போனவர் வழி தவறுவார். இருபது முப்பது பேரானதும் டியூபை அப்படியே ஒரு சிறு திறந்த பெட்டியில் வைத்து வாசலைத் திறந்தால் போதும். பெட்டியின் விளிம்பில், டால்கம் பவுடரை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் குழைத்துத் தூரிகையால் பூசிக் காயவிட்டால் ஏற முடியாமல் வழுக்கும். கடலோர ஊர்களில் ஈரக்காற்றில் அது கட்டிதட்டிப் பிடிமானம் கொடுத்துவிடும், அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். ஐம்பது பேரைத் தாண்டினால் கூட்டைப் பற்றி யோசிக்கலாம்.

மேலே சொன்னது கட்டெறும்புபோல் பட்டினி கிடந்து வளர்க்கும் ராணிகளுக்கு. தத்திக் குதிக்கும் பெருங்கண் எறும்பைப் போன்ற சில இனங்களில் ராணி முதல் நாளிலிருந்தே வெளியே போய் வேட்டையாடுபவள். அவளைப் பட்டினி போட்டால் செத்துப்போவாள். அவளுக்கு டியூபோடு சிறு பெட்டியும், வாரம் இரண்டு முறை சின்னப் பூச்சியும் வேண்டும். முசுறு ராணி மரத்தில் இலைகளுக்கிடையே குடும்பம் தொடங்குபவள். டியூபில் ஒரு காய்ந்த இலைத்துண்டு வைத்தால் சீக்கிரம் அமைதியாவாள். சமையலறைச் சிற்றெறும்பு இனங்கள் பலவற்றில் ராணி வேலைக்காரர்களோடு சேர்ந்துதான் பிரிந்து போவாள், தனியே பிடித்துவந்த ராணி பிழைக்கமாட்டாள். கருஞ்சாம்பல் நிற டயக்கம்மா எறும்பில் இறக்கை முளைத்த ராணியே கிடையாது, வேலைக்காரரில் ஒருத்திதான் முட்டையிடுகிறாள். ஆகவே இனம் தெரியாமல் குடிவைக்காதீர்கள்.

அந்நியப் படையெடுப்பு இனங்களை வளர்க்கவே வேண்டாம். 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைக் காட்டோர ஊர்களில் மஞ்சள் நிறப் பைத்திய எறும்பு ஆடுமாடுகளைக்கூட விரட்டியது செய்தியானது. எறும்பைக் காசுக்கு வாங்குவதும் ஊர்விட்டு ஊர் அனுப்புவதும் தவறு. 2025 ஏப்ரலில் கென்யாவில் ஏறக்குறைய 5,000 ராணி எறும்புகளை, நாம் மேலே பார்த்தது போன்ற பஞ்சடைத்த குழாய்களில் கடத்த முயன்ற பெல்ஜிய இளைஞர்கள் இருவர் பிடிபட்டார்கள். அடுத்த மாதம் ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் 12 மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது. உங்கள் தெருவில் பிடித்த ராணி உங்கள் தெருவோடு இருக்கட்டும்.

டியூபுக்கு மாற்றிய நாளிலிருந்து ஆறு வாரம் கணக்கு வையுங்கள். அதற்குள் முட்டையே இல்லாவிட்டாலோ, இட்டதை ஒவ்வொரு முறையும் தின்றுகொண்டிருந்தாலோ, இடத்தையும் அதிர்வையும் மாற்றி இன்னும் மூன்று வாரம் கொடுங்கள். அப்படியும் ஒன்றும் நடக்காவிட்டால், மழை பெய்த ஒரு சாயங்காலம், பிடித்த அதே இடத்தில், நனைந்த மண்ணில் டியூபின் பஞ்சை எடுத்துச் சாய்த்து வைத்துவிடுங்கள். தானே இறங்கிப் போய்விடுவாள்.